மறுமொழியில் மேற்கோள் ஆளும் முறை

ஒருவர் எழுதிய மடலுக்கு மறுமொழி வரையுங்கால், அவர் சொற்களுள் எவற்றை எடுத்துக்காட்டல் வேண்டும், எவற்றை விடுத்தல் வேண்டும் என்பது மாணவர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய தொன்று.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி, தம் ஊரினரும் நண்பருமாகிய கி. ராஜநாராயணனுக்கு வரைந்த கடிதங்கள் நூலாக வெளிவந்துள்ளன. இத்தகைய தொகுதிகளில் ஒருவர் குரலே நமக்குக் கேட்கும். மற்றவர் வினவியது யாதென்பதை விடையினின்று நாமே ஊகித்துக்கொள்ளல் வேண்டும். நண்பர் இருவர்க்கும் இது குறையன்று. பின்னாளிற் படிப்போர்க்கே இடர்ப்பாடு.

அலுவலகக் கடிதங்கள் இவ்விடர்ப்பாட்டைப் ‘பார்வை’ என்னும் வரியால் நீக்குகின்றன. முன்வந்த கடிதத்தின் எண்ணும் நாளும் அங்கே குறிக்கப்படுதலின், மூலத்தைக் கோப்பிற் கண்டுகொள்ளலாம்.

மின்னஞ்சலிலோ குறை மறுதலையாயிற்று. முன்மடல் முழுவதும் தானே மறுமடலின் அடியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. 1995 அக்டோபரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1855 என்னும் இணைய ஒழுக்கக் குறிப்பு, பொருள் விளங்குதற்கு வேண்டிய அளவே மூலத்தை எடுத்தாளுக, அதனின் மிகுதல் ஆகாது என அறிவுறுத்திற்று.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். கரிசல் நிலத்து மானாவாரி உழவர் ஒருவர், பருவமழையை எதிர்நோக்கி வேளாண் அலுவலர்க்கு மூன்று வினா விடுக்கிறார் எனக் கொள்க. பருத்தி விதை கிடைக்குமா? விதைநேர்த்தி வேண்டுமா? ஊடுபயிராக உளுந்து விதைக்கலாமா? ‘ஆம், மற்றது வேண்டா’ என விடை வரின், அவர் எதனைச் செய்வார், எதனை விடுவார்? மீண்டும் வினவி விடை பெறுமுன் மண்ணின் ஈரம் போய்விடும். ஈரம் போயின் அவ்வாண்டின் விதைப்பும் போம்.

ஆதலின், ஒவ்வொரு வினாவையும் தனித்தனியே எடுத்தெழுதி, அதன்கீழ் விடையை வரைக. வரியின் முன் கோணக்குறி இடின், அவர் சொல்லும் நம் சொல்லும் மயங்கா. எடுத்த சொல்லைத் திரித்தலோ, ‘அன்று’ ‘இல்லை’ என்பவற்றை விடுத்துக் கருத்தை மாற்றுதலோ கூடாது. இடையில் விட்டதைப் புள்ளிகளாற் காட்டுக. மடலை மூன்றாமவர்க்கு அனுப்புமுன் அதன் அடிவரை நோக்குக. ஒருவர் நம்மை நம்பி எழுதிய மறைச்செய்தி ஆங்குக் கிடத்தல் கூடும். அதனை அவர் இசைவின்றிப் பிறர்க்குக் காட்டல் தகாது. வழக்கிற்கோ கணக்கிற்கோ உரியதாயின் மட்டும் முழு மடலையும் மாற்றமின்றி இணைத்தல் முறையாம்.

பிறர் சொல்லை அளவறிந்தும் பிறழாதும் எடுத்தாளுதல், அவர்க்கு நாம் செய்யும் மரியாதையாகும். மாணவர்கள் இந்நெறியைக் கைக்கொள்வாராக.