நீருழவில் நாற்று வளர்ப்பு

பயிர் மண்ணிலே பிறந்து மண்ணிலே வளர்வது. எனினும் அது மண்ணையே உண்டு வாழ்வதன்று. மண்ணிலுள்ள உப்புக்கள் நீரில் கரைந்து வேரின் வழியே செல்லும்போதுதான் பயிருக்கு உணவாகின்றன. 1699-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டறிஞர் ஜான் உட்வர்டு என்பார் புதினாச் செடியை மழைநீரிலும், தேம்சு ஆற்று நீரிலும், தோட்டமண் கலந்த நீரிலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார். மண் கலந்த நீரில் நின்ற செடியே மிகச் செழித்தது. 1860-ஆம் ஆண்டையொட்டிச் செருமானிய அறிஞர்களான சாக்ஸ், நாப் என்னும் இருவரும் தூய நீரில் குறித்த சில உப்புக்களை அளந்து கரைத்து, அக்கரைசலிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினர். 1929-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் இம்முறையை ஆய்வுக்கூடத்தினின்று வெளியே கொணர்ந்து பயிர்த்தொழிலாக்க முயன்றார். அவர் தொட்டி நீரில் வளர்த்த தக்காளிக் கொடிகள் 25 அடி வரை உயர்ந்தன. 1937-இல் இதற்கு 'ஹைடிரோபோனிக்ஸ்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. நீர், உழைப்பு எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. தமிழில் நீருழவு என்றல் பொருந்தும். உழவு என்னும் சொல்லில் உழைப்பும் அடங்கியிருக்கின்றதன்றோ!

மண் ஒரு நல்ல செவிலித்தாய். உப்பு மிகுந்தால் ஒரு பகுதியைத் தன்பால் நிறுத்திக்கொள்ளும். குறைந்தால் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும். புளிப்போ காரமோ திடீரென மிகாதவாறும் ஓரளவு காக்கும். நீருழவில் இச்செவிலி இல்லை. அவள் செய்த பணி முழுவதையும் வளர்ப்பவனே ஏற்றல் வேண்டும். முதிர்ந்த செடி சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். நாற்றோ ஒருநாட் பிழையிலேயே மடிதலும் கூடும்.

விதை தனக்கு வேண்டும் கட்டுச்சோற்றைத் தன்னுள்ளேயே கொண்டு வருகின்றது. ஆதலின் முளைவிட்டு, வித்திலைகள் விரியும் வரையில் அதற்கு வெறும் நீரே போதும். உண்மையிலை தோன்றும் பருவத்தில், வளர்ந்த செடிக்கு உரிய கரைசலில் நாலில் ஒரு பங்கு வலிமையுடையதை ஊட்டத் தொடங்கிப் பின்னர்ப் பாதியாக உயர்த்தலாம். புதிதாய்ப் பயில்வோர் பெரும்பாலும் இவ்விடத்தேதான் தவறுகின்றனர். மிகுதியாக ஊட்டினால் விரைவில் வளரும் என்பது அவர்தம் எண்ணம். ஊறுகாய்ச் சாடியில் நிகழ்வதை அவர்கள் நினைத்துப் பார்த்தல் நலம். உப்பிலிட்ட எலுமிச்சங்காய் தன் நீரை வெளியே விட்டுச் சுருங்குகின்றது. வேரைச் சூழ்ந்த கரைசலில் உப்பு மிகுமாயின் நாற்றின் நிலையும் அதுவே. நீரில் நின்றுகொண்டே அது நீர்வேட்கையால் வாடும்; இலை நுனி கருகும்.

உப்பின் வலிமையைக் கண்ணால் அறியவொண்ணாது. தூய நீரில் மின்சாரம் அரிதாகவே பாயும். உப்புக் கரையக் கரைய அது எளிதாகப் பாயும். இவ்வியல்பைக்கொண்டு மின்கடத்துதிறனை அளக்கும் கருவி அமைந்தது. சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிசீமன்சு என்று அது காட்டும். சாலட்டுக் கீரையான லெட்டூசின் நாற்றுக்கு 0.8 முதல் 1.2 வரை ஏற்றது. வளர்ந்த லெட்டூசுக்கு 1.2 முதல் 1.8 வரை, காய்க்கும் தக்காளிக்கு 2-க்கு மேலும் வேண்டும். கிணற்று நீர் சிலவிடங்களில் உப்புச் சேர்க்கும் முன்னரே 0.6 காட்டும், எனவே வெறும் நீரை முதலில் அளந்தறிதல் இன்றியமையாதது. மேலும், இக்கருவி உப்பின் தொகையைக் கூறுமேயன்றி வகையைக் கூறாது.

வலிமைக்கு அடுத்தபடி நோக்கத்தக்கது புளிப்பும் காரமும். இவற்றை அளக்கும் பி.எச். என்னும் எண்முறையைக் கோபன்கேகன் நகரத்துக் கார்ல்சுபர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் 1909-இல் வகுத்தார். 7 என்பது நடுநிலை, அதனிற் குறைந்தது அமிலம், மிகுந்தது காரம். ஒவ்வோர் எண்ணும் பதின்மடங்கு வேற்றுமையைக் குறிக்கும். ஆதலின் 7-க்கும் 5-க்கும் இடையே நூறு மடங்கு வேற்றுமை உண்டு. நீருழவுப் பயிர்கள் பெரும்பாலனவற்றுக்கும் 5.5 முதல் 6.5 வரை ஏற்புடையது. எண் இதனினும் மிக உயருமாயின், கரைசலிலுள்ள இரும்பு முதலியன வேர் கொள்ள இயலாத நிலையை அடைகின்றன. அப்போது இளந்தளிர் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பசுமையாய் நிற்கும். இதனைக் கண்டவன் செடி பசித்திருக்கின்றது என்று கருதி மேலும் உப்பைச் சேர்ப்பான். உணவோ முன்னரே நிரம்ப உள்ளது; உண்ண இயலாமையே நோய். நோயை அறியாது மருந்திட்டமையால், பிழைத்திருக்கக்கூடிய நாற்றும் உப்பு மிகுதியால் இறந்துபடும். ஆகவே தளிர் வெளிறியவுடன் முதலில் எடுக்கவேண்டியது பி.எச். அளவியே, உப்புப் புட்டியன்று.

கரைசல் ஆக்குவதிலும் ஒரு முறை உண்டு. கால்சியம் நைட்ரேட்டைச் செறிந்த நிலையில் மெக்னீசியம் சல்பேட்டு, பாசுபேட்டு ஆகியவற்றோடு ஒரே புட்டியில் கலந்தால் வெண்ணிறமான வண்டல் படியும். அவ்வண்டலில் உள்ளவை பயிருக்குப் பயன்படா. இதனாலேயே கடைகளில் உணவு இரு புட்டிகளாக விற்கப்படுகின்றது. தொட்டியில் நீர் நிரப்பி, ஒன்றை ஊற்றிக் கலக்கிய பின்னரே மற்றதை ஊற்றல் வேண்டும். உப்புச் சேர்ந்தால் பி.எச். மாறுமாதலின், அதனை இறுதியில்தான் திருத்த வேண்டும். குறைப்பதற்குப் பாசுபாரிக அமிலமும், உயர்த்துவதற்குப் பொட்டாசியம் ஹைடிராக்சைடும் துளித்துளியாகப் பயன்படும். இவ்விரண்டும் கண்ணையும் தோலையும் புண்படுத்துவன. அமிலத்தை நீரில் விடலாம். அமிலத்தில் நீரை விடலாகாது.

இன்று திருத்திய எண் நாளை மாறியிருப்பது கண்டு வியப்படைய வேண்டுவதில்லை. வேர் நைட்ரேட்டை உண்ணும்போது பி.எச். உயரும், அம்மோனிய உப்பை உண்ணும்போது தாழும். கடின நீரிலுள்ள பைகார்பனேட்டும் அதனை மீண்டும் மீண்டும் உயர்த்தும். நாள்தோறும் அளந்து வருபவனுக்கு இம்மாறுதல்களே செய்தி சொல்லும். தொட்டியில் நீர் குறைந்து, கடத்துதிறன் உயர்ந்தால், நாற்று உணவினும் நீரையே மிகுதியாகப் பருகியது என்பது பொருள். வெறும் நீரை ஊற்றினாற் போதும். கடத்துதிறன் தாழ்ந்தால் உணவு செலவாயிற்று; சிறிது உப்புக் கரைசல் சேர்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசல் முழுவதையும் மாற்றுதல் நன்று. தொகை ஒத்திருப்பினும் வகை ஒவ்வாது போயிருக்கக்கூடும். நீக்கிய நீரைப் பூந்தோட்டத்து மண்ணில் ஊற்றலாம். அங்குள்ள செடிகள் எஞ்சிய உப்பை எடுத்துக்கொள்ளும்.