காருக்குள் கார்பன் ஃபைபர் தோற்றம்: ஒட்டுமுன் அறிய வேண்டியவை

கொள்முதலுக்கும் வசூலுக்கும் நாம் ஓட்டும் கார், எஞ்சின் தேய்வதற்கு முன்பே உள்ளே பழசாகிவிடுகிறது. கியரைச் சுற்றிக் கீறல் விழுகிறது. கதவுக் கைப்பிடி அருகே பெயின்ட் உரிகிறது. இந்தப் பிளாஸ்டிக் பாகங்களைப் புதிதாக வாங்கி மாற்றச் செலவு அதிகம். ஆகவே கார்பன் ஃபைபர் போலத் தோன்றும் வினைல் ஷீட்டை ஒட்டிக்கொள்பவர் பலர். மற்றச் சரக்கைப் போல இதையும் தரம் பார்த்தே வாங்க வேண்டும்.

சரக்கின் தரம்

அசல் கார்பன் ஃபைபர் என்பது கரிம இழைகளைத் துணியாக நெய்து, ரெசினில் தோய்த்து இறுக்கியது. எடை குறைவு, உறுதி அதிகம். 1981இல் மெக்லாரன் அணி எம்பி4/1 என்ற ஃபார்முலா 1 பந்தயக் காரின் உடற்கூட்டையே அதில் செய்து ஓட்டியது. நாம் ஒட்டும் ஷீட் வெறும் பி.வி.சி. நெசவுக் கோலம் மட்டும் அதன் மேல் இருக்கும். பாகத்துக்கு இதனால் பலம் கூடாது. ‘அசல் கார்பன்’ என்று யாராவது விலை சொன்னால் ஏமாற வேண்டாம். நாம் விற்றாலும் அப்படிச் சொல்ல வேண்டாம்.

வினைலில் இரு வகை உண்டு. உருளைகளுக்கு இடையே அழுத்திச் செய்வது ‘காலண்டர்டு’. விலை குறைவு, ஆனால் வளைவில் ஒட்டினால் நாளடைவில் சுருங்கி ஓரம் தூக்கும். திரவமாகப் பரப்பி உலர்த்துவது ‘காஸ்ட்’. மெல்லியது, வளைவுக்குப் பணியும், விலை கூடுதல். தட்டையான பட்டைக்கு முதல் வகை போதும். வளைந்த பாகத்துக்கு இரண்டாவதே வேண்டும். காற்று வெளியேறும் நுண்ணிய வழிகள் பசையில் உள்ள ஷீட்டாகக் கேட்டு வாங்கினால் குமிழி குறையும்.

ஒட்டக் கூடாத இடங்கள்

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். ஸ்டியரிங்கின் நடுமூடி, இடப்பக்க டேஷ்போர்டு என ஏர்பேக் குறி பொறித்த எந்த இடத்திலும் ஷீட் ஒட்டக் கூடாது. விபத்தின்போது அந்த மூடி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பிளந்து திறக்க வேண்டும். ஷீட் அதைத் தடுத்தால் அழகுக்காகச் செய்தது உயிருக்கு வினையாகும். டேஷ்போர்டின் மேல்தளத்தில் பளபளப்பான ஷீட் ஒட்டினால் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண் கூசும்.

ஒட்டும் முறை

1. பாகத்தைக் கழற்றி ஒட்டுவது நல்லது. ஏர்பேக் ஒயர் அருகே இருந்தால் மெக்கானிக்கிடம் விடவும்.

2. சோப்பு நீரில் துடைத்துக் காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மீண்டும் துடைக்கவும். டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிகான் சிறிது தங்கினாலும் பசை பிடிக்காது. பெரும்பாலான ஷீட் கெடுவது இந்த வேலையைச் சுருக்குவதால்தான். சொரசொரப்பான பிளாஸ்டிக்கிலும் சரியாக ஒட்டாது.

3. சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. கூடுதலாக வெட்டவும். எல்லாத் துண்டிலும் நெசவு ஒரே திசையில் இருக்கட்டும்.

4. நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்கவும். வளைவில் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டவும். அதிகம் இழுத்தால் கோலம் கோணலாகும்.

5. ஓரத்தைப் பின்பக்கம் மடித்து, மீண்டும் சூடுகாட்டி அழுத்தவும். ஒரு நாள் கழித்துப் பாகத்தைப் பொருத்தவும்.

வேலையை வெளியே கொடுத்தால், துடைக்கும் வேலையும் கூலியில் சேர்ந்ததா, எந்த வகை ஷீட் என்று முன்னதாகக் கேட்டு, அதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். ஷீட்டுக்கு அதுவே பரீட்சை. எனவே முதலில் ஒரு சிறு பாகத்தில் மட்டும் ஒட்டி, ஒரு கோடை கழியட்டும். ஓரம் தூக்காமல் நின்றால் மற்றவற்றைச் செய்யலாம். புதுச் சரக்கைச் சாம்பிள் எடுத்து விற்றுப் பார்த்த பிறகுதானே நாம் மூட்டைக் கணக்கில் இறக்குகிறோம்!