கடற்பயணத்தில் கரையிறங்கும்போது...

கொச்சியில் கப்பலேறி, குடும்பத்தோடு லட்சத்தீவுகளைக் கண்டு வருவோர் நம்மில் உண்டு. இரவில் கப்பலில் உறக்கம். விடிந்ததும் சிறு படகில் கரையிறங்கி, கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என நாளுக்கொரு தீவைப் பார்த்து, பகலுணவையும் அங்கேயே முடித்து, மாலையில் கப்பலுக்குத் திரும்புவார்கள். இப்படிப்பட்ட பகற்பொழுதில் நம் கையைவிட்டு நழுவுவது பெரும்பாலும் லுஹரும் அஸருமே!

ஊர் சுற்றிப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு திருமறையே (29:20) ஏவுகிறது. ஆனால், படைப்பைப் பார்க்கப் போய்ப் படைத்தவனை மறப்பது முறையாகுமா?

கொச்சிக்கும் கவரத்திக்கும் இடையே சுமார் 400 கிலோமீட்டர். ஆகவே நாம் முஸாபிர்கள். ஒரு நாள் கரையில் தங்குவதால் அந்நிலை மாறுவதில்லை. லுஹர், அஸர், இஷா மூன்றையும் இரண்டு ரக்அத்தாகச் சுருக்கலாம். ஹனஃபீ மத்ஹபில் சுருக்குவது வாஜிபாகும். ஸுப்ஹிலும் மஃரிபிலும் சுருக்கமில்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரோடு அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டுப் படகேறலாம். லுஹரை முதலில் தொழுவதும், அதிலேயே சேர்க்கும் நிய்யத்து வைப்பதும், இடையே நீண்ட இடைவெளி விடாதிருப்பதும் நிபந்தனைகள். ஹனஃபீகள் லுஹரைக் கரையிலும், அஸரை அதன் நேரத்தில் கப்பலிலும் தொழ வேண்டும்.

கவரத்தியின் உஜ்ரா பள்ளிவாசலைக் கண்டு, அதன் மரச்செதுக்கு வேலையை வியந்துவிட்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள், ஜமாஅத்தில் சேருங்கள். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழ வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது உணவு. கடல் வேட்டையும் கடலுணவும் நமக்கு ஆகுமானவை எனத் திருமறை (5:96) அறிவிக்கிறது. அபூ உபைதா (ரலி) தலைமையில் சென்ற 300 ஸஹாபாக்கள் பசியால் வாடியபோது, கரையொதுங்கிய பெரும் மீன் அவர்களுக்கு உணவாயிற்று. அதன் இறைச்சியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் உண்டார்கள். தீவில் சூரை மீன் வைத்தால் தயக்கமின்றி உண்ணலாம். அங்கே பேய்க்கணவாயும் சமைப்பார்கள். ஷாஃபிஈகளுக்கு அது ஆகும். மீன் இனத்தை மட்டுமே ஏற்கும் ஹனஃபீகளுக்கு ஆகாது. ஒரே பந்தியில் இருவரும் அமர்ந்தால், உண்பவரை மற்றவர் பழிக்க வேண்டாம். உண்ணாதவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

தீவு மக்கள் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். ஸலாம் கூறிப் பழகுங்கள். அனுமதியின்றி வீட்டு வாசல்களையும் பெண்களையும் படமெடுக்காதீர்கள். மினிக்காயில் 1885-ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் உச்சியேறி நாலாபுறமும் கடலைப் பார்க்கும்போது, குழந்தைகளின் நாவில் ஒரு ‘ஸுப்ஹானல்லாஹ்’ வரட்டும்.

கடமையைச் சுருக்கித் தந்தது ரப்பின் சலுகை. விட்டுவிடத் தந்த அனுமதியன்று. கரையிறங்குமுன்பே தொழுகை நேரத்தையும் படகு திரும்பும் நேரத்தையும் கேட்டறிந்து வைப்போமாக. நம் பயணங்களை அல்லாஹ் இபாதத்தாக ஏற்றருள்வானாக! ஆமீன்.