பேண்டு செட்டும் பிக் பேண்டும்



ஜாஸ் என்றதும் நம்மில் பலருக்கு பழைய சினிமாவில் வரும் ஓட்டல் டான்ஸ் காட்சிதான் ஞாபகம் வரும். "டிப்ளமோ படிக்கிறவனுக்கு இது எதுக்குடே?" என்று கேட்கலாம். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் பேண்டு செட் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே டிரம்பெட், அதே டிரம்போன், அதே சாக்ஸபோனை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பிக் பேண்டு என்றால் என்ன?

1920, 30களில் அமெரிக்க நடன மண்டபங்களில் வளர்ந்தது பிக் பேண்டு. பொதுவாக 17 பேர் இருப்பார்கள். சாக்ஸபோன் 5 (ஆல்டோ 2, டெனர் 2, பாரிடோன் 1), டிரம்பெட் 4, டிரம்போன் 4. மீதி நால்வர் பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ் வாசிப்பார்கள்.

மாதச் சம்பளம் கொடுத்து இப்படியொரு குழுவை வைத்திருப்பது பெருஞ்செலவு. ஐரோப்பாவில் அந்தச் செலவை வானொலி நிலையங்கள் ஏற்றுக்கொண்டன. ஜெர்மனியில் கொலோன் நகரின் டபிள்யூ.டி.ஆர்., ஹாம்பர்க்கின் என்.டி.ஆர்., பிராங்பர்ட்டின் எச்.ஆர். ஆகிய நிலையங்களுக்குச் சொந்த பிக் பேண்டு உண்டு. வீட்டுக்கு வீடு வசூலிக்கும் ஒலிபரப்புக் கட்டணம்தான் அந்நிலையங்களைத் தாங்குகிறது. டென்மார்க் வானொலியின் பேண்டு 1964இல் தொடங்கியது. நெதர்லாந்தின் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ரா 1945இல் தொடங்கியது. அதில் வயலின் வரிசையும் சேர்ந்திருக்கும்.

அசெம்பிளி டிராயிங்கும் பார்ட் டிராயிங்கும்

13 பேர் சேர்ந்து ஊதினால் இரைச்சல்தானே வர வேண்டும்? ஏன் வரவில்லை? நமக்குத் தெரிந்த பாடத்திலேயே விடை இருக்கிறது. இசையமைப்பாளர் முதலில் எழுதும் முழு ஸ்கோர் ஓர் அசெம்பிளி டிராயிங் மாதிரி. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தாள் பிரித்துக் கொடுப்பது பார்ட் டிராயிங் மாதிரி. மூன்றாவது டிரம்போன்காரரின் தாளை மட்டும் வாசித்தால் அதில் பாட்டே தெரியாது. நான்கு சுரம், பிறகு எட்டு பார் மௌனம், மறுபடி இரண்டு சுரம், அவ்வளவுதான். நட்டையும் போல்ட்டையும் தனியே பார்த்தால் எஞ்சின் தெரியுமா? அதுபோல.

ஆனால் தாளில் ஓரிடத்தில் சுரம் இருக்காது. 'இந்த 32 பார் உன் இஷ்டம்' என்று ஒருவருக்கு விட்டிருப்பார்கள். நம்ம கல்பனாசுரம் மாதிரி அவர் அந்நேரமே கற்பனை செய்து வாசிப்பார். எழுதியதும் எழுதாததும் ஒன்றாக நடப்பதே பிக் பேண்டின் ரகசியம்.

நம்ம ஊர் வாசம்

சார்லி மரியானோ என்ற சாக்ஸபோன் கலைஞர் 1923இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். 1960களில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோது நாதஸ்வரம் கேட்டு மயங்கினார். பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து அதைக் கற்றார். மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி, பாடகி ஆர்.ஏ. ரமாமணி ஆகியோரின் பெங்களூர்க் குழுவான கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனுடன் 1983இல் 'ஜோதி' இசைத்தட்டைப் பதிவு செய்தார். பின்னர் டபிள்யூ.டி.ஆர். பிக் பேண்டும் இவர்களும் சேர்ந்து 'ஸ்கெட்சஸ் ஆஃப் பெங்களூர்' வெளியிட்டார்கள். மரியானோ 2009இல் கொலோனில் காலமானார்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் வந்தவர் கத்ரி கோபால்நாத் (1949–2019). நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் கேட்டு அதில் கர்நாடக சங்கீதம் வாசித்தார். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் அவர் வாசிப்பைக் கேட்காதவர் உண்டோ?

கர்நாடக சங்கீதத்தையும் பிக் பேண்டையும் இணைப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று கமகம். ராகம் சுரத்தில் மட்டும் இல்லை, சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலான அசைவிலும் இருக்கிறது. 13 பேர் ஒன்றாகக் கமகம் போட்டால் குழம்பிவிடும். ஆகவே ராகத்தை ஒருவரிடம் விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு நீண்ட சுரங்களைக் கொடுப்பது ஒரு வழி. இரண்டாவது தாளம். 7 அட்சரம் வரும்போது எங்கே மூச்சு எடுப்பது? 'தகதிமி தகிட' என்று வாயால் சொல்லிப் பாருங்கள், நான்கும் மூன்றும் சேர்ந்து ஏழாகிவிடும். கொன்னக்கோல் தெரிந்தவன் எந்தப் பேண்டிலும் தாளம் தப்பமாட்டான்.

என் கதை

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லீவு நாட்களில் நான் பேண்டு செட்டில் டிரம்போன் வாசிக்கிறேன். என் பீஸில் பாதி அந்தக் காசுதான். போன வருஷம் தக்கலையில் ஒரு கல்யாண வீட்டில் சிவப்புக் கோட்டு போட்டு நிற்கையில், பெண் வீட்டுக்காரர்களோடு நம் வகுப்பு நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று வாசிப்பும் தப்பிவிட்டது. எங்கள் மாஸ்டர் திட்டவில்லை. "மக்கா, நீ ஊதுறத விட பக்கத்துல ஊதுறவன கேளு. எவன் பாக்கான்னு பாக்காத" என்றார்.

அதற்குப் பிறகுதான் டபிள்யூ.டி.ஆர். பதிவுகளைத் தேடிக் கேட்டேன். நான்கு டிரம்போன்கள் மெதுவாக ஒன்றாக எழும்பியபோது மயிர்க்கூச்செறிந்தது. என் கையில் இருக்கும் அதே கருவி! அவர்களிடம் இருந்து எங்களிடம் இல்லாதவை இரண்டு: எழுதிய தாளும், மாதச் சம்பளமும். சம்பளம் நம் கையில் இல்லை. தாள் நம் கையில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் காதால் கேட்டு ஒரே மெட்டைத்தான் ஊதுகிறோம். ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு எழுதினால் ஆறு பேரே போதும், பெரிய பேண்டு மாதிரி நிறைந்து கேட்கும்.

சுசீந்திரம் மார்கழித் தேரில் நாதஸ்வரமும் தவிலும், சவேரியார் திருவிழாவில் பேண்டும் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே மேடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆகவே வரும் கல்லூரி தினத்துக்கு ஐந்து பேருக்கான பங்குகளை எழுதத் தொடங்கியிருக்கிறேன். சிவில் பிரிவில் தவில் வாசிக்கும் நண்பர் சம்மதித்துவிட்டார். டிரம்பெட், சாக்ஸபோன், நாதஸ்வரம் எது தெரிந்தாலும் சனிக்கிழமை மாலை டிராயிங் ஹாலுக்கு வாருங்கள். சிவப்புக் கோட்டு போட்டவர்கள் கூச்சப்படாமல் முதலில் வாருங்கள்!