பூச்சியக் கழிவு ஆடை: நாளைய நாகரிகமும் நமது கைத்தறியும்



நிலைபேறான அபிவிருத்தி, கழிவு முகாமைத்துவம், உள்ளூர்க் கைத்தொழில் ஆகிய மூன்று தலைப்புகளில் எது வினவப்பட்டாலும் இப்பாடம் உங்களுக்குக் கைகொடுக்கும். கவனமாக வாசியுங்கள்.

1. பிரச்சினை யாது?

ஒரு பருத்தி ரீசேட்டுக்குரிய பருத்தியை விளைவித்து அதனை ஆடையாக்க ஏறத்தாழ 2,700 லீற்றர் நீர் செலவாகிறது என மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேல் பொலியெஸ்ரர் ஆகும். இது பெற்றோலியத்திலிருந்து பெறப்படுவது, எளிதில் உக்காது. துவைக்கும்போது இதிலிருந்து வெளியேறும் நுண்ணிழைகள் நீர்நிலைகளைச் சென்றடைகின்றன. 56 கி.மீ. நீளமான மட்டக்களப்பு வாவியில் மீனும் இறாலும் பிடித்து வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அன்று.

2. பூச்சியக் கழிவு ஆடை என்றால் என்ன?

சாதாரண முறையில் ஆடை வெட்டும்போது துணியில் 10 – 15 சதவீதம் வரை வெட்டுத்துண்டாக வீணாகிறது. அதாவது 100 மீற்றர் துணியில் 10 முதல் 15 மீற்றர் வரை குப்பைக்குப் போகிறது. வெட்டும் துண்டுகள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்துமாறு முன்கூட்டியே திட்டமிட்டு, துணி முழுவதையும் பயன்படுத்துவதே பூச்சியக் கழிவு முறை. எஞ்சிய துணிகளைப் புதிய ஆடைகளாக மாற்றுவது இதனோடு தொடர்புடைய இன்னொரு வழி. கொழும்பைச் சேர்ந்த வடிவமைப்பாளர் லொனாலி ரொட்ரிகோ, ஆடைத் தொழிற்சாலைகளில் எஞ்சும் துணிகளைக் கொண்டு ஆடைகள் ஆக்குவது இதற்கு உதாரணமாகும்.

3. நமது பிரதேச உதாரணம்

ஒருமுறை வகுப்பில் இதற்கு உதாரணம் கேட்டேன். பலரும் வெளிநாட்டுப் பெயர்களைத் தேடினார்கள். வீட்டில் தறி ஓடும் ஒரு மாணவி மட்டும் பேசாமல் இருந்தாள். சரியான விடை அவள் வீட்டிலேயே இருந்தது என்பது அவளுக்குத் தெரியவில்லை!

காத்தான்குடியும், வாவியின் தென்புறத்தே கல்முனைக்கு அருகிலுள்ள மருதமுனையும் கைத்தறிக்குப் பெயர் பெற்றவை. சேலையும் சாறமும் நெய்யும்போதே அளவு தீர்மானிக்கப்பட்டுவிடும். சேலையை வெட்டித் தைக்க வேண்டியதில்லை. சாறத்துக்கு ஒரு மூட்டுத் தையல் போதும். ஆகவே வெட்டுத்துண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. கைத்தறிக்கு மின்சாரமும் தேவையில்லை. பழைய சேலை தொட்டிலாகி, பின்னர் பிடிதுணியாகும் வரை நம் அம்மம்மா எதையும் எறிந்ததில்லை. மீள்பயன்பாடு என்பது இதுதான்.

4. கைத்தறி எதிர்நோக்கும் சவால்கள்

- 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் மலிவான இறக்குமதித் துணிகளோடு போட்டியிட வேண்டியேற்பட்டமை.
- 2004 டிசம்பர் 26ஆந் திகதிய சுனாமியால் கரையோர நெசவாளர் பாதிக்கப்பட்டமை.
- நூலுக்கு இறக்குமதியில் தங்கியிருத்தல்.
- உழைப்புக்கேற்ற வருமானம் கிடைக்காமையால் இளையோர் தறியை விட்டு விலகுதல்.

ஒன்றை மறவாதீர்கள்: கைத்தறி என்பதனால் மட்டும் ஓர் ஆடை சூழலுக்கு நட்பானதாகிவிடாது. இரசாயனச் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் மண்ணும் நீரும் கெடும். இவ்வாறு இரு பக்கத்தையும் எழுதும் விடையே முழுமையான விடை.

5. நீங்கள் செய்யக்கூடியவை

இலவசச் சீருடைத் துணியைத் தைக்கக் கொடுக்கும்போது, மடிப்புத் தையலில் சற்றுக் கூடுதலாகத் துணி விடச் சொல்லுங்கள். வளர வளர இறக்கிக்கொள்ளலாம். கிழிந்தால் தையுங்கள்; அளவு போதாவிட்டால் தம்பி தங்கைக்குக் கொடுங்கள். அண்ணாவின் சேட்டை உடுத்துவது வெட்கமல்ல. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 12ஆவது, பொறுப்புடன் நுகர்தலையும் உற்பத்தி செய்தலையும் பற்றியதே.

பயிற்சி வினாக்கள்

1. பூச்சியக் கழிவு ஆடை என்பதை விளக்குக. (2 புள்ளிகள்)
2. சாறம் இதற்குப் பொருத்தமான உதாரணமாவது ஏன்? (3 புள்ளிகள்)
3. கைத்தறி எதிர்நோக்கும் இரு சவால்களைக் குறிப்பிட்டு, ஒன்றுக்குத் தீர்வு தருக. (5 புள்ளிகள்)

குறிப்பு: மூன்றாம் வினாவில் "அரசாங்கம் உதவ வேண்டும்" என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். யார், எதை, எவ்வாறு செய்யலாம் என எழுதுங்கள். வீட்டில் தறி இருந்தால், விடை எழுத முன் அதனருகே சிறிது நேரம் உட்கார்ந்து பாருங்கள்.