இறுகிய எஞ்சினை விடுவித்தல்
(பழைய உழவு இயந்திரங்களைத் திருத்துவோருக்கு)

பல மாரிகாலங்கள் திறந்த வெளியில் நின்ற உழவு இயந்திரத்தை மீண்டும் வயலுக்குக் கொண்டுவர விரும்பும் கமக்காரர், அதன் எஞ்சின் சிறிதும் அசையாதிருப்பதையே பெரும்பாலும் முதலிற் காண்பர். அவ்வேளையிற் செய்யும் வேலையே அவ்வியந்திரம் மீண்டும் உழுமா, பழைய இரும்பாக விலைப்படுமா என்பதைத் தீர்மானிக்கும். பிஸ்டனும் வளையங்களும் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். வார்ப்பிரும்பாலான எஞ்சின் உடல் வெடித்தால் அதற்கு ஈடு தேடுவது அரிது. ஆகவே இவ்வேலைக்கு வலிமையிலும் பொறுமையே வேண்டப்படுவது.

காரணத்தை அறிதல்

நிமிர்ந்த புகைக்குழாய் மூடப்படாதிருப்பின், மழைநீர் அதன்வழி இறங்கி, திறந்து நிற்கும் வால்வினூடாகச் சிலிண்டரைச் சேரும். பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே துருப்பிடிக்கும். இவ்விறுக்கம் பெரும்பாலும் எண்ணெய்க்கு இளகும். ஆனால் நீரோ எண்ணெயோ இன்றி ஓடியதனால் பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரிற் பற்றியிருப்பின், ஊறவைத்தலாற் பெரும்பயன் இராது. எஞ்சினைக் கழற்றியே ஆகவேண்டும். எனவே, ஓடும்போது நின்றதா, நிறுத்தி வைத்தபின் இறுகியதா என்பதை முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.

ஸ்டாட்டர் மோட்டாரின் பற்சில்லு சிக்கிக்கொள்வதாலும் எஞ்சின் அசையாதிருப்பதுண்டு. கியரை நடுநிலையில் வைத்து, ஸ்டாட்டரையும் கழற்றிய பின்னரே எஞ்சின் இறுகியதெனக் கொள்க.

ஊறவைத்தல்

1. எண்ணெய்த் தொட்டியின் அடைப்பைத் திறந்து பாத்திரமொன்றில் வடிக்குக. எண்ணெய்க்கு முன் நீர் வருமாயின், எஞ்சினுள் நீர் இறங்கியமை தெளிவாகும்.

2. பிளக்குகளை, டீசல் எஞ்சினாயின் இன்ஜெக்டர்களை, கழற்றுக. தானியங்கிக் கியர் எண்ணெயையும் அசற்றோனையும் சம அளவிற் சேர்த்து, நன்கு குலுக்கி, ஒவ்வொரு சிலிண்டரினுள்ளும் ஊற்றுக. அசற்றோன் எளிதில் தீப்பற்றும். அருகில் நெருப்போ புகைத்தலோ கூடாது. அது கிடையாவிடின் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றலாம், நாட்கள் கூடுதலாகும்.

3. ஒன்று அல்லது இரண்டு வாரம் ஊறவிட்டு, குறைவதை நாள்தோறும் நிரப்புக.

அசைத்தல்

முதலில் வால்வு மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வும் மென்மையாகத் தட்டும்போது இறங்கி எழுகின்றதா எனப் பார்க்கவேண்டும். இறுகிய வால்வுடன் எஞ்சினைச் சுழற்றினால் தள்ளுகோல் வளையும். பின்னர் ஸ்டாட்டர் இருந்த துவாரத்தின் வழியே நெம்புகோலை நுழைத்து, பிளைவீலின் பற்களை ஒருபக்கம் சிறிது, மறுபக்கம் சிறிது என அசைக்குக. ஒரு பல் அளவு அசைந்தாலும் வேலை பாதி முடிந்ததாகும். மீண்டும் எண்ணெயிட்டு, மறுநாள் தொடர்க.

கியரிற் போட்டு வேறு வண்டியால் இழுப்பதை ஒருபோதும் செய்யற்க. பிஸ்டன் இறுகியிருக்க கிராங்குத் தண்டு திரும்பும்போது இணைதண்டு வளையும். கியர்ப் பற்களும் உடையக்கூடும்.

தலைமூடியைக் கழற்றிய பின்

மேற்கூறியவை பயன்படாவிடின், தலைமூடியைக் கழற்றவேண்டும். இறுகிய நட்டுகளுக்கு எண்ணெயிட்டுச் சூடாக்கி, சிறிது இறுக்கிப் பின் தளர்த்துக. மூடி எழாவிடில் உளியை இடையிற் செருகுதல் தகாது. மரக்கட்டையை வைத்துப் பக்கங்களிற் தட்டுக.

பிஸ்டனின் தலைக்கு ஏற்ற வட்டமான வன்மரக்கட்டையை வைத்து, சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். பிஸ்டன் மிக மேலோ மிகக் கீழோ நிற்கையில் அடிக்கும் அடி கிராங்கைத் திருப்பாது; அதனையும் தாங்கிகளையுமே தாக்கும். நடுநிலையில் நிற்கும் பிஸ்டனையே தட்டுக. அதுவும் பயனளிக்காவிடின், இயந்திரத்தைத் திண்ணமான கட்டைகளால் முட்டுக்கொடுத்து, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, இணைதண்டின் கீழ்மூடிகளை இலக்கமிட்டு அவிழ்க்குக. ஒவ்வொரு பிஸ்டனையும் தனித்தனியே விடுவிப்பது பாதுகாப்பானது.

இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட பேர்கசன் ரீ.ஈ. 20 இயந்திரங்களில், ஸ்டாண்டட் எஞ்சின் உடையவற்றுக்கு நீரிற் படும் லைனர்கள் உண்டு. இவற்றிற் பிஸ்டன் விடாவிட்டால், இணைதண்டை அவிழ்த்தபின் லைனருடன் சேர்த்தே மேலே எடுக்கலாம். லைனரை எடுக்கும் எண்ணமில்லையாயின், மூடியில்லாத நிலையில் எஞ்சினைச் சுழற்றுமுன் அதனை அழுத்திப் பிடித்து வைக்கவேண்டும். அன்றேல் லைனர் எழும்பி, அடியிலுள்ள நீர்த்தடை கெட்டு, நீர் எண்ணெயிற் கலக்கும்.

விடுவித்த பின்

உடனே எஞ்சினை இயக்கக்கூடாது. வளையங்களையும் தாங்கிகளையும் பரிசோதித்து, புதிய எண்ணெயும் நீரும் இட்டு, கையால் பலமுறை சுழற்றிய பின்னரே இயக்குக. எண்ணெய் அழுத்தம் எழாவிடின் உடன் நிறுத்துக.

வரும்முன் காத்தல்

சிறுபோகம் முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போது, புகைக்குழாயை வெற்றுத் தகரக்குவளையால் மூடி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் எண்ணெயிட்டு, மாதமொருமுறை கையாற் சுழற்றி வருக. ஒரு குவளை காக்கும் எஞ்சினை ஒரு மழை கெடுக்கும் என்பதை மறவாதிருத்தல் நன்று.