சோதிப்பவர்க்கும் ஒரு சோதனை

சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று இருப்பதை அறிவீர்கள். வெள்ளைச் சர்க்கரை செய்யும்போது, கரும்புச் சாற்றைத் தெளிவாக்கச் சுண்ணாம்புடன் கந்தக டை ஆக்சைடு வாயுவையும் சேர்ப்பது வழக்கம். அதில் சிறிதளவு சர்க்கரையில் தங்கிவிடலாம். கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

அளந்து சொல்வது உணவு ஆய்வுக்கூடம். அந்த அளவே தவறினால்? கெட்டது தப்பிவிடும், அல்லது குற்றமற்ற வியாபாரி தண்டனை பெறுவார்.

ஆகவே ஆய்வுக்கூடங்களுக்கும் தேர்வு உண்டு. அதன் பெயர் திறன் சோதனை. ஒரே சர்க்கரையை நன்கு கலந்து, பொட்டலங்களாக்கிப் பல கூடங்களுக்கு அனுப்புவார்கள். சரியான விடையைச் சொல்லமாட்டார்கள்.

சரியான அளவு 76 என்றும், அனுமதிக்கும் விலகலின் அலகு 4 என்றும் கொள்வோம். ஒரு கூடம் 62 என்கிறது. (62 − 76) ÷ 4 = −3.5. இதுவே ‘இசட்’ மதிப்பெண். குறியைப் பாராமல், 2 வரை திருப்தி. 2-க்கு மேல் 3-க்குள் எச்சரிக்கை. 3-ம் அதற்கு மேலும் தோல்வி. இக்கூடம் தேறவில்லை. விதியை மீறிய சர்க்கரையை இது நல்லது என்றல்லவா சொல்லியிருக்கும்!

சென்னை, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. கட்டடமும் கருவியும் ஒருமுறைச் செலவு. திறன் சோதனைக்கோ திரும்பத் திரும்பக் கட்டணம் கட்டவேண்டும். அரசு இதற்கும் பணம் ஒதுக்கினால்தான் கருவியின் சொல்லை நம்பலாம்.

மற்றொரு கூடம் 79 என்கிறது. அது தேறுமா? நீங்களே கணக்கிடுங்கள்!